கையில் பச்சை, கட்டாரில் வேலை: லேசர் செய்யலாமா?

கேள்வி: டொக்டர் அவர்களுக்கு, எனக்கு 29 வயது. நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்கிறேன். 4 வருடத்துக்கு முதல், சீசன் நேரம் உப்புவெளிக் கடற்கரையில் கடை போட்டிருந்த ஒருவரிடம் இடது முன்கையின் உட்பக்கத்தில் ஒரு சூல டட்டூ குத்திக்கொண்டேன். சூலம் கறுப்பு, அதைச் சுற்றிய பாம்பு பச்சை, நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. பிடி மணிக்கட்டு மடிப்புவரை வருகிறது. இதைவிட, 16 வயதில் பள்ளிக்கூடக் கூட்டாளிகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஊசியாலும் மையாலும் குத்திக்கொண்டோம். எனக்கு வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் 'ர' என்ற எழுத்து. இப்போது கட்டாரில் ஒரு ஹோட்டலில் வேலை சரிவந்திருக்கிறது. சித்திரை கழியப் போக வேண்டும். "வெளியில் தெரிகிற டட்டூ கூடாது" என்கிறார் ஏஜென்சிக்காரர். டவுனில் ஒரு பியூட்டி பார்லரில், 3 முறை லேசர் அடித்தால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள். சிவப்புப் பொட்டு இடைக்கிடை தடித்துக் கடிக்கிறது. சூலத்தை அழிப்பது பாவம் என்று அம்மா சொல்கிறா. நான் அழிக்கலாமா? தழும்பு வருமா?
– வாசகர், நிலாவெளி

பதில்:

தம்பி,

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி. உங்கள் கைகளில் இருப்பதோ, லேசரின் கணக்கில் நாலு தனித்தனி டட்டூக்கள்: வலக்கையில் எழுத்து, இடக்கையில் சூலத்தின் கறுப்பு, பாம்பின் பச்சை, பொட்டின் சிவப்பு. நாலுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்பவர் உங்கள் கையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் அபிப்பிராயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். எழுத்தை அழிக்கலாம். சூலத்தில், சேட்டின் கைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் துண்டை மட்டும் அழிக்கப் பார்க்கலாம். பச்சையைத் தொட வேண்டாம். சிவப்பில், தோல் வைத்திய நிபுணர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை எந்த லேசரும் படக் கூடாது. இது கடிதத்தை வைத்து எழுதும் பதில். கையை நேரில் பார்க்கும் வைத்தியர் இதில் எதையும் மாற்றலாம்.

லேசரைப் பற்றிக் கதைக்க முதல் ஏஜென்சிக்காரரிடம் ஒரு காரியம் இருக்கிறது. அவர் வாயால் சொன்னதை, அந்த ஹோட்டலின் விதியாக எழுத்தில் வாங்குங்கள். சீருடை போட்ட பிறகு தெரியக் கூடாது என்கிறார்களா, உடம்பில் எங்குமே இருக்கக் கூடாது என்கிறார்களா? முதலாவது என்றால் உங்களுக்குச் சில சதுர சென்ரிமீற்றர் வேலைதான். இரண்டாவது என்றால் வருடக்கணக்கான வைத்தியம். சித்திரைக்குள் அது நடக்காது, அந்த வேலையை மறந்துவிட்டு வேறு ஹோட்டலைத் தேடுவதே புத்தி.

முதலாவதுதான் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஒரு நீளக்கை சேட்டைப் போட்டுக் கைப்பொத்தானைப் பூட்டுங்கள். மேசையின் மறுபக்கத்தில் இருப்பவருக்குத் தட்டை வைப்பதுபோல இடக்கையை எட்டி நீட்டுங்கள். கைப்பட்டி மணிக்கட்டை விட்டு இரண்டு விரல்கட்டையாவது மேலே ஏறும். அந்த நிலையில் எவ்வளவு சூலம் வெளியே தெரிகிறதோ, அதை யாரையாவது கொண்டு போனில் படம் எடுப்பியுங்கள். வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டியது அந்தப் படம்தான். பெரும்பாலானவர்கள் கையை நீட்டி "எல்லாத்தையும் எடுங்கோ" என்கிறார்கள். எல்லாவற்றையும் எடுக்கத் தேவையில்லாத ஆட்கள்தான் அதில் பாதிப்பேர்.

லேசர் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அது தெரியாததால்தான் "3 முறை" என்ற பேச்சை ஆட்கள் நம்புகிறார்கள். டட்டூவின் மை மேல்தோலில் இல்லை. மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வருவது, மை அங்கே இருந்திருந்தால் தானாகவே போயிருக்கும். அது அதற்குக் கீழே, உட்தோலில் இருக்கிறது. அந்நியப் பொருள் எது வந்தாலும் விழுங்குவதற்கென்றே அங்கே சில கலங்கள் உண்டு. அவை மைத் துணிக்கைகளை விழுங்கி, செரிக்கவும் ஏலாமல் துப்பவும் ஏலாமல் வைத்துக்கொண்டிருக்கின்றன. 2018இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் எலிகளில் ஒரு விசயத்தைக் காட்டினார்கள். மையை விழுங்கிய கலம் செத்துப்போனால், அது விட்டுப்போன மையைப் புதிதாக வரும் கலம் திரும்ப விழுங்கிவிடுகிறதாம். காவல்காரர் மாறுகிறார், கைதி அங்கேயே இருக்கிறார்.

லேசர் இந்த மையை உறிஞ்சி வெளியே எடுப்பதில்லை. மை எந்த நிற ஒளியை ஈர்க்குமோ அந்த ஒளியை, ஒரு செக்கனை நூறு கோடியாகப் பிரித்து அதில் சில பங்கு நேரத்துக்கு மட்டும் அடிக்கிறது. அந்த அதிர்ச்சியில் துணிக்கை நொறுங்குகிறது. பிக்கோ என்று இப்போது விளம்பரம் செய்யும் இயந்திரங்கள் அதைவிடக் குறுகிய நேரத்துக்கு அடிப்பவை. நொறுங்கியதைக் கூட்டி அள்ளிக்கொண்டு போவது உங்கள் உடம்பின் வேலை. நிணநீர் வழியாக, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அது நடக்கும். கொஞ்ச மை அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களில் போய்த் தங்கியும் விடும். (பிற்காலத்தில் யாராவது வைத்தியர் அக்குளில் கட்டி பார்க்க நேர்ந்தால், கையில் டட்டூ இருந்தது என்று மறக்காமல் சொல்லுங்கள்.) ஆகவே அடிக்கடி அடித்தால் கெதியாக அழியும் என்பது பிழை. இரண்டு அமர்வுக்கு இடையில் 8 வாரமாவது விட வேண்டும், கூட விட்டால் இன்னும் நல்லது.

2012இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில் 352 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 10 அமர்வு முடிந்தபோது டட்டூ வெற்றிகரமாக அழிந்தது 47 வீதமானோருக்குத்தான். 15 அமர்வில் அது 75 வீதம். கறுப்பும் சிவப்பும் அல்லாத நிறங்கள், அடர்த்தியான மை, 3 வருடத்துக்கு மேல் பழைய டட்டூ, 8 வாரம் அல்லது அதற்குக் குறைந்த இடைவெளி, இவையெல்லாம் வெற்றியைக் குறைத்தன. புகைப்பவர்களுக்கு முடிவு மிகவும் மோசம். நீங்கள் புகைப்பவரா என்று எழுதவில்லை. புகைப்பவரானால், லேசருக்குக் காசு கட்டமுதல் சிகரெட்டை விடுங்கள். விடாமல் லேசருக்குப் போவது காசை மணலில் ஊற்றுகிற வேலை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் இத்தாலிக்காரர்கள் என்பதையும் கவனியுங்கள். எங்கள் நிறத் தோலுக்குச் சக்தியைக் குறைத்துத்தான் அடிக்க வேண்டும், அதனால் அமர்வுகள் கூடலாமே தவிரக் குறையாது. உங்கள் சூலம் முழுவதும் 3 முறையில் போகும் என்று ஒருவர் உத்தரவாதம் தருகிறார் என்றால், ஒன்றில் அவருக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்கிறார்.

எங்கள் தோல் என்றேன். அதில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. லேசருக்கு டட்டூ மையையும், எங்களுக்கு இயற்கையாக உள்ள நிறப்பொருளான மெலனினையும் முற்றாகப் பிரித்தறியத் தெரியாது. 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள என்.டி. யாக் லேசர் ஆழமாகப் போகும், மெலனினை அவ்வளவாகச் சீண்டாது. கறுப்பு மைக்கு அது நல்ல மருந்து. அதனால் மாநிறத்துக்கும் கறுப்புத் தோலுக்கும் அதையே முதலில் எடுக்கிறோம். சிவப்பு மைக்கு 532 வேண்டும். பச்சைக்கு 694 அல்லது 755 வேண்டும். இவை மூன்றையும் மெலனினும் நன்றாக ஈர்க்கும். விளைவு, மை போகும்போது தோலின் சொந்த நிறமும் சேர்ந்து போகலாம். கறுப்பாகத் திட்டு விழுந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். வெள்ளையாக விழுந்தால் காத்திருக்க வேண்டியதுதான், சிலருக்கு அது திரும்பி வராமலே போகும். மை முழுக்கப் போய், அதே உருவம் அச்சொட்டாக வெள்ளையில் நிற்பதைக் கண்டிருக்கிறேன். பாம்பு பச்சையாக இருந்தவரை அது டட்டூ. வெள்ளையாகிவிட்டால் எங்கள் ஊரில் "வெண்குட்டமோ" என்று காதுக்குள் கேட்பார்கள். அந்தப் பெயரே பிழை, வெண்புள்ளிக்கும் குட்டநோய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் கேட்கிற வாயை யார் மூடுவது? பச்சையைத் தொட வேண்டாம் என்று நான் சொன்னது இதற்காகத்தான். பாம்பின் வால் கைப்பட்டிக்கு வெளியே வராவிட்டால், அதை அதன்பாட்டில் விடுங்கள். சூலத்தில் மினுக்கத்துக்காக வெள்ளை மை கீறியிருந்தால் அதையும் சொல்லிவையுங்கள். வெள்ளை மையில் உள்ள தைத்தானியம் ஒட்சைட்டு லேசர் பட்டவுடன் கறுத்துப்போகக் கூடும்.

இனித் தழும்பு. இதை நீங்கள் வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு, வலக்கைச் சுட்டுவிரலால் சூலத்தின் மேல் மெதுவாகத் தடவுங்கள். கோடு எங்கே போகிறது என்று விரலுக்குத் தெரிகிறதா? தெரிந்தால், குத்தியவர் ஊசியை ஆழமாக விட்டிருக்கிறார், அங்கே தழும்பு ஏற்கெனவே இருக்கிறது. லேசர் மையை எடுத்தாலும் அந்த வரம்பை எடுக்காது. அடுத்தது, தோள்பட்டைக்குக் கீழே பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம். இலங்கையில் பிறந்த அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். அது சின்னதாக, தட்டையாக அல்லது கொஞ்சம் குழிந்து இருந்தால் கவலையில்லை. ஊசி போட்ட இடத்தையும் தாண்டிப் பரவி, மினுமினுப்பாக, கட்டியாக வளர்ந்திருந்தால் உங்களுக்குக் கெலொயிட் தழும்பு வரும் சுபாவம் இருக்கலாம். தோளில் அப்படி வளர்வது மற்ற இடங்களைவிடச் சுலபம், அதனால் அது ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. அம்மாவுக்கோ சகோதரங்களுக்கோ காது குத்திய இடத்தில் கட்டி வளர்ந்ததா என்றும் கேளுங்கள். இவற்றில் எது இருந்தாலும் வைத்தியரிடம் முதல் வாயிலேயே சொல்லிவிடுங்கள்.

சரியான இயந்திரத்தை, தெரிந்தவர் கையில், போதிய இடைவெளி விட்டுப் பாவித்தால் தழும்பு வருவது அபூர்வம். தழும்பு பெரும்பாலும் வருவது மூன்று வழியாக: அளவுக்கு மிஞ்சிய சக்தி, பிழையான இயந்திரம், கொப்புளத்தைப் பிய்த்த நகம்.

சிவப்புப் பொட்டுக்கு வருகிறேன். கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், என்னை நிறுத்தி வைத்தது அந்த வரிதான். டட்டூ மைகளில் ஒவ்வாமை அதிகம் வருவது சிவப்புக்கு. குத்தி மாதங்களும் வருடங்களும் கழிந்தபிறகுகூட அது தொடங்கலாம். அந்த நிறம் உள்ள இடம் மட்டும் தடிக்கும், கடிக்கும், வெயில் பட்டால் கூடும். நீங்கள் எழுதியிருப்பது அதற்கு நன்றாகப் பொருந்துகிறது. அதன் மேல் லேசரை அடித்து மையை நொறுக்கினால், இதுவரை ஒரு பொட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த ஒவ்வாமைப் பொருள் உடம்பெங்கும் பரவும். உடம்பு முழுக்கத் தடிப்பு வந்தவர்கள் இருக்கிறார்கள். மிக அபூர்வமாக மூச்சுத் திணறல்வரை போகலாம். பார்லரில் அப்படி ஒன்று நடந்தால் ஊசி போட யார் இருக்கிறார்கள்? திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுவரும்வரை என்ன செய்வார்கள்?

தடிப்பெல்லாம் ஒவ்வாமை என்றும் இல்லை. சில கிருமித் தொற்றுகளும், சார்கொய்டோசிஸ் போன்ற வேறு நோய்களும் டட்டூவுக்குள் இப்படித்தான் தலைகாட்டும். சந்தேகம் வந்தால் ஒரு துளி தோலை எடுத்துச் சோதிப்போம். அரச வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் இதைக் காசில்லாமல் காட்டலாம். கட்டார் வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இதைக் காட்டத்தான் வேண்டும். ஒவ்வாமை என்று உறுதியானால் ஸ்டீரொயிட் களிம்போ, அந்த இடத்திலேயே போடும் ஊசியோ கடியை அடக்கும். அடங்காவிட்டால் பொட்டை வெட்டியோ சீவியோ எடுப்பதைப் பற்றி அவர்களே சொல்வார்கள்.

எழுத்து இந்த நாலிலும் நல்ல பிள்ளை. கூட்டாளிகள் குத்திய டட்டூவில் மை குறைவு, அதுவும் கறுப்பு ஒன்றுதான். இப்படிப்பட்டவை தொழில்காரர் குத்தியதைவிடக் குறைந்த அமர்வுகளில் போகும், பெரும்பாலும் 4 முதல் 6. உங்களுக்கு ஒரு பாதகமும் உண்டு: கையின் நுனிப் பகுதியில் உடம்பு மையை அள்ளிப்போவது மெதுவாக நடக்கும். சின்ன எழுத்தானால் வெட்டித் தைத்து ஒரேயடியாக எடுப்பதும் ஒரு வழி. எழுத்துப் போய்க் கோடு ஒன்று மிஞ்சும். ஆனால் பெருவிரல் அசையும்போதெல்லாம் இழுபடும் இடம் அது, தையல் போட நான் அவ்வளவு விரும்பும் இடமல்ல. யாருடைய எழுத்து என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கும் அது தேவையில்லை.

ஒரே ஊசி என்று எழுதியிருக்கிறீர்களே, அது தேவை. இலங்கையில் குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது 2003இல். உங்கள் வயதுக்காரர்களுக்குக் குழந்தையில் அது கிடைத்திருக்காது. ஹெப்படைட்டிஸ் பி, சி இரண்டும் ஒரு அறிகுறியும் காட்டாமல் ஈரலில் வருடக்கணக்காகக் கிடக்கக்கூடியவை. வளைகுடாவுக்குப் போகிறவர்களின் மெடிக்கலில் இவற்றையும் எச்.ஐ.வி.யையும் சோதிப்பார்கள். பாஸ்போர்ட்டையும் காசையும் கட்டிய பிறகு அங்கே தெரிய வருவதைவிட, இப்போதே தனியாகச் சோதித்துக்கொள்வது நல்லது. ஒன்றும் இல்லையென்றால் பி தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டாளிகளோடு இப்போதும் பழக்கம் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

பார்லர் விசயம். அந்தப் பார்லரை எனக்குத் தெரியாது, ஆகவே நல்லது கெட்டது சொல்லமாட்டேன். போய் இரண்டு மூன்று கேள்வி கேளுங்கள். இயந்திரத்தின் பெயர் என்ன, என்ன அலைநீளம்? முடி அகற்றுவதற்கும் டட்டூவுக்கும் ஒன்றையே காட்டினால் எழும்பி வந்துவிடுங்கள். முடி அகற்றும் ஐ.பி.எல். ஒளி மில்லிசெக்கன் கணக்கில் நீள்வது, மையை நொறுக்காமல் தோலைச் சுட்டுவிடும். அடிப்பது யார், அவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்த வைத்தியரா? இடம் பதியப்பட்டதா? தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. எங்களைப் போன்ற நிறமுள்ள ஒருவரின் முதலும் முடிவுமான படங்களைக் காட்டச் சொல்லுங்கள். இன்ரநெற்றில் எடுத்த வெள்ளைக்காரர் படம் செல்லாது. கடைசியாக, முதலில் ஒரு சின்ன இடத்தில் சோதித்துவிட்டுச் சில வாரம் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். அதற்கு முகம் சுளித்தால், மிச்சக் கேள்விக்கெல்லாம் பதில் கிடைத்தமாதிரி. ஒன்லைனில் விற்கும் அழிக்கும் களிம்புகளும், யாராவது சொல்லும் சுண்ணாம்பு வைத்தியமும் வேண்டவே வேண்டாம். அவை அமிலமும் காரமும், தோலை எரித்துப் புண்ணாக்கும், மை பாதி அங்கேயே இருக்கும்.

காலம் உங்கள் பக்கம் இருக்கிறது, கொஞ்சம். இப்போது கச்சான் காற்று வீசுகிற வெயிலில் நிலாவெளியில் நின்று வேலை செய்து கையெல்லாம் கறுத்திருக்கும். இப்படி வெயிலில் கறுத்த தோலில் லேசர் அடிக்கக் கூடாது, வெள்ளைத் திட்டு விழும் ஆபத்து அப்போதுதான் கூட. இன்றிலிருந்து நீளக்கை உடுப்பும், குறைந்தது எஸ்.பி.எப். 30 உள்ள சன்கிரீமும். சீசன் முடிந்து ஐப்பசியில் மழை இறங்கத் தொடங்கும்போது முதல் அமர்வு, மார்கழியில் இரண்டாவது, மாசியில் மூன்றாவது. சித்திரையில் நாலாவது வைத்தாலும் பயணத்துக்கு முந்திய 3, 4 வாரத்துக்குள் வைக்காதீர்கள், பொருக்குக் கையோடு புது முதலாளி முன் போய் நிற்கக் கூடாது. இந்த மூன்று நாலு தடவையில் எழுத்து நன்றாக மங்கியிருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் கிட்டப் பார்த்தால் மட்டும் தெரியும். சூலப்பிடியின் அடர்ந்த கறுப்பு சாம்பலாகியிருக்கும், போயிருக்காது. அதற்குமேல் தோல் நிறக் கிரீம் பூசலாம். மணிக்கட்டில் அது நிற்கும். நாள் முழுக்கக் கழுவுகிற வலது கையில் நிற்காது, ஆகவே எழுத்துக்கு முதலிடம் கொடுங்கள்.

அமர்வு அன்று என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கு அந்த அலைநீளத்துக்குரிய கவசம் போடுவார்கள், நீங்களும் அடிப்பவரும் இருவரும் போட வேண்டும். விறைக்கச் செய்யும் களிம்பு பூசினாலும் வலி முழுதாகப் போகாது. தாளிக்கும்போது கடுகு வெடித்துக் கையில் தெறிக்குமே, அது விடாமல் தெறிப்பதுபோல இருக்கும். எழுத்துக்கு ஒரு நிமிடம் பிடிக்காது. ஒளி பட்ட இடம் உடனே வெண்மையாகப் பூக்கும். பயப்பட வேண்டாம், தோலுக்குள் உண்டான வாயுக் குமிழிகள் அவை, கால் மணித்தியாலத்தில், இருபது நிமிடத்தில் மறைந்துவிடும். பிறகு சிவப்பும் வீக்கமும். ஒன்றிரண்டு நாளில் கொப்புளம் வரலாம், அதற்குள் இரத்தம் கலந்த நீரும் இருக்கலாம். உடைக்காதீர்கள். வாசலின் பூசி, ஒட்டாத கோஸ் வைத்துக் கட்டுங்கள். பற்பசை, மஞ்சள், தேங்காயெண்ணெய் ஒன்றும் வேண்டாம். பொருக்கு ஒன்றிரண்டு கிழமையில் தானாக விழும். அதுவரை கடலும் இல்லை, ஹோட்டல் நீச்சல் குளமும் இல்லை, கன்னியா வெந்நீரூற்றும் இல்லை. வலக்கையில் கட்டோடு தட்டுக் கழுவவும் பரிமாறவும் ஏலாது, ஒரு கிழமை வேறு வேலை தரச் சொல்லி முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வலிக்குப் பனடோல் போதும். சூடாகி, சீழ் பிடித்து, காய்ச்சல் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

முகப்பருவுக்கு ஐசொட்ரெட்டினொயின் மாத்திரை எடுக்கிறீர்களா, நீரிழிவு உண்டா, டட்டூவுக்குள் மச்சம் ஏதும் அகப்பட்டிருக்கிறதா என்பவற்றை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மச்சத்தின் மேல் லேசர் அடிப்பதில்லை.

அம்மா சொன்னதற்கு என்னிடம் மருத்துவப் பதில் இல்லை. கோணேசர் கோயில் ஐயரிடம் அவவையே கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். நான் சொன்னபடி செய்தால் மூன்று முனையும் பாம்பும் அப்படியே இருக்கும், பிடி கொஞ்சம் கட்டையான சூலமாக, விளிம்பு சற்று மங்கலாக. அதை அம்மா ஏற்றுக்கொள்ளக் கூடும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஏஜென்சிக்காரர் என்ன சொன்னார், பார்லர்க்காரர் என்ன சொன்னார்கள், அம்மா என்ன சொன்னா என்றெல்லாம் எழுதிய நீங்கள், அந்தச் சூலம் உங்களுக்கு இன்னும் பிடித்திருக்கிறதா என்று எழுதவில்லை. மற்றவர்களுக்காக வருகிறவர்கள் இரண்டாவது அமர்வோடு நின்றுவிடுவதையும், பாதி அழிந்த டட்டூ முழு டட்டூவைவிட அசிங்கமாக அவர்கள் கையில் நிற்பதையும் நான் கிளினிக்கில் அடிக்கடி காண்கிறேன். பிடித்திருந்தால் சேட்டுக்குள் வைத்திருங்கள். பிடிக்கவில்லை என்றால், முழுக் கறுப்பையும் அழிப்பதற்கு அவசரமில்லாமல் 2, 3 வருடம் ஒதுக்குங்கள். மேலே வேறு படம் குத்தி மறைக்கலாம் என்று யாராவது சொன்னால், மை அடுக்குக்கு மேல் அடுக்கானால் பிறகு அழிப்பது இன்னும் கடினம் என்பது நினைவில் இருக்கட்டும்.

செலவு ஒவ்வோர் அமர்வுக்கும் தனித்தனி. "மொத்தம் எத்தனை, மொத்தம் எவ்வளவு" என்று எழுத்தில் கேளுங்கள். லேசருக்குக் கொழும்புக்குப் போக நேர்ந்தால் இரவு பஸ்ஸுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், மூன்றாம் நாள் கொப்புளத்தை யாரிடம் காட்டுவது என்பதையும் இங்கேயே பேசி வைத்துவிட்டுப் போங்கள். ஒவ்வோர் அமர்வு முடியவும், என்ன இயந்திரம், என்ன அலைநீளம், எவ்வளவு சக்தி, ஒளிப்புள்ளியின் அகலம் என்ன என்று எழுதிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதையும் படம் எடுத்துப் போனில் வையுங்கள். மிச்ச அமர்வுகளை கட்டாரில் செய்ய நேர்ந்தால், அங்குள்ள வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.